வார்டில் இடமிருக்கிறதா? – தாதிமைப் படிப்பும் களப்பயிற்சி மணிகளும்



எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவரும் காலத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் ஓய்வு இருப்பதில்லை. ஆறாம் ஆண்டோடு நம் கையைவிட்டுப் போன பிள்ளைகள், ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் பெற்றோரோடு வந்து நிற்பார்கள். கையில் கல்லூரிகளின் வண்ண விளம்பரத் தாள்கள் இருக்கும். அவர்களுள் தாதிமைத் துறையை நாடுவோர் ஆண்டுதோறும் சிலர் உண்டு. எஸ்.பி.எம். முடித்த கையோடு மூன்றாண்டு டிப்ளோமாவில் சேர விரும்புவோர் பாதி, எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து நான்காண்டுப் பட்டப்படிப்புக்குப் போவோர் மீதி.

பெற்றோர் கேட்கும் வினாக்கள் எனக்கு மனப்பாடம். கட்டணம் எவ்வளவு? பி.டி.பி.டி.என். கடன் கிடைக்குமா? விடுதி உண்டா? படித்து முடித்ததும் வேலை உறுதியா? இவையாவும் கேட்க வேண்டிய வினாக்களே. ஆனால், “என் மகள் எந்த மருத்துவமனையில், எந்த வார்டில், எத்தனை மணி நேரம், யாருடைய மேற்பார்வையில் பயில்வாள்?” என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தாதிமைப் படிப்பைப் பொறுத்தவரை மற்ற எல்லா வினாக்களுக்கும் முன்னால் நிற்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. அதைவிட ஒரு படி மேலே சென்று சொல்வேன்: ஒரு கல்லூரி எத்தனை மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதை விரிவுரை மண்டபத்து நாற்காலிகள் முடிவு செய்யக்கூடாது, மருத்துவமனை வார்டுகளில் மேற்பார்வையோடு கிடைக்கும் இடங்களே முடிவு செய்ய வேண்டும்.

தாதிமைப் படிப்பு பாதி வகுப்பறையிலும் பாதி நோயாளியின் கட்டிலருகிலும் நடப்பது. பிரிட்டனில் பதிவுபெற்ற தாதியாவதற்கு 4,600 மணி நேரக் கல்வி என்பதும், அதில் சரிபாதியான 2,300 மணி நேரம் களப்பயிற்சி என்பதும் நெடுங்காலமாகப் புழங்கிவரும் அளவு. ஆஸ்திரேலியாவில் வேலையிடப் பயிற்சிக்கான குறைந்தபட்ச அளவு 800 மணி. நம் நாட்டில் 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் இயங்கும் மலேசியத் தாதியர் வாரியம் பயிற்சிக்கான விதிகளை வகுக்கிறது. வாரியத் தேர்வில் தேறிய பின்னரே ஒருவர் தம் பெயரைப் பதிந்துகொள்ள முடியும்.

இந்த எண்களை வேலைமுறைகளாக மாற்றிப் பாருங்கள். ஏழு மணி நேர வேலைமுறை என்று கொண்டால், 2,300 மணி என்பது ஏறத்தாழ 329 வேலைமுறைகள். வாரத்திற்கு ஐந்து என்றால் 66 வாரங்கள். 800 மணியோ 23 வாரங்களுக்குள் முடிந்துவிடும். இத்தனை பெரிய இடைவெளி இருந்தும் இரு நாடுகளுமே திறமையான தாதியரை உருவாக்குகின்றன. ஆகவே, எண் பெரிதாக இருப்பதனாலேயே பயிற்சி சிறந்ததாகிவிடாது. அந்த மணிகளுக்குள் என்ன நடக்கிறது, பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நிற்க. திட்டமிடல் என்றால் என்ன என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கிவிடுகிறேன். (கணக்கு ஆசிரியரின் பழக்கம், பொறுத்தருள்க.)

ஒரு கல்லூரி ஓர் ஆண்டில் 60 மாணவர்களைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் குழந்தைகள் வார்டில் ஆறு வாரம் பயில வேண்டும். அந்த வார்டோ ஒரு வேலைமுறைக்கு 8 மாணவர்களுக்கு மேல் தாங்காது. அப்படியானால் 60 பேரை எட்டுக் குழுக்களாகப் பிரிக்க வேண்டும். எட்டுக் குழுக்களுக்கு ஆறு வாரம் வீதம் 48 வாரங்கள். ஆண்டுக்கு 52 வாரங்களே உள்ளன. தேர்வு, விரிவுரை, பண்டிகை விடுமுறை எல்லாவற்றையும் எங்கே வைப்பது? மாலை வேலைமுறையையும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள் பயிலலாம். 24 வாரங்களில் முடியும். ஆனால் மாலையிலும் ஒரு பயிற்றுநர் வார்டில் இருந்தாக வேண்டும், அவருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதே வார்டுக்கு இன்னொரு கல்லூரியும் மாணவர்களை அனுப்புகிறது என்றால் கணக்கு மறுபடியும் குலையும். 60 பேர் 100 பேரானால், காலை வேலைமுறையில் மட்டும் 13 குழுக்கள், 78 வாரங்கள். ஓர் ஆண்டில் முடிய வேண்டியது ஒன்றரை ஆண்டாகும்.

இது ஒரு வார்டின் கணக்கு மட்டுமே. அறுவைச் சிகிச்சை, பொது மருத்துவம், மகப்பேறு, மனநலம், அவசரப் பிரிவு, சமூகச் சுகாதாரம் என்று ஒவ்வொன்றுக்கும் இப்படிக் கணக்குண்டு. மனநலமும் மகப்பேறும்தான் பெரும்பாலும் இறுக்கிப் பிடிக்கும் இடங்கள். எல்லா மருத்துவமனைகளிலும் அவை போதிய அளவில் இருப்பதில்லை. இந்தக் கணக்கை மாணவர்களைச் சேர்ப்பதற்கு முன்னால் போடவேண்டும். சேர்த்த பின்னர் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் முன்னாள் மாணவி ஒருத்தியே சாட்சி. பட்டப்படிப்பின் இறுதியாண்டில் ஒரு பிரிவின் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல், தேர்வுகளில் எல்லாம் தேறியிருந்தும், வீட்டில் காத்திருந்தாள். தோட்டத்தை விட்டு வெளியேறி, பாதுகாவலராக வேலை பார்த்துவந்த தந்தை அந்த மாதங்களிலும் விடுதி அறைக்கு வாடகை கட்டினார். அந்தக் கல்லூரியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

இனி, ‘மேற்பார்வை’ என்ற சொல்லுக்கு வருவோம். ஆசிரியர்களாகிய நமக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலிருந்து பயிற்றுப்பணிக்கு வரும் மாணவ ஆசிரியர்களை நாம் அறிவோம். வகுப்பின் பின்வரிசையில் வழிகாட்டி ஆசிரியர் அமர்ந்திருந்து, மணியடித்த பின் “அந்த இடத்தில் ஏன் அவசரப்பட்டாய்?” என்று கேட்கும் பத்து நிமிடத்தில் அவர்கள் கற்பது, தனியாக ஒரு வாரம் பாடம் நடத்திக் கற்பதைவிட மிகுதி. கழகத்திலிருந்து விரிவுரையாளர் வந்து பார்ப்பது வேறு. அவர் மதிப்பிட வருகிறார். பிரிட்டனில் 2018-ஆம் ஆண்டுத் தரவிதிகள் இதே வேறுபாட்டைத் தாதிமையில் வைத்தன: அன்றாடம் உடனிருந்து வழிகாட்டுபவர் ஒருவர், தகுதியை மதிப்பிடுபவர் வேறொருவர். கற்றுக்கொடுத்தவரே மதிப்பெண்ணும் இடும்போது மாணவி தன் ஐயங்களை மறைக்கிறாள். ஊசி மருந்தின் அளவில் ஐயம் வந்தால் அதைக் கேட்காமல் விழுங்கிக்கொள்ளும் பழக்கம், வகுப்பறையில் எழுத்துப்பிழை விடுவதைப் போன்றதன்று. எதிரே கட்டிலில் ஓர் உயிர் கிடக்கிறது.

அங்கே இன்னொரு நல்ல விதியும் உண்டு. பயிற்சி மாணவர்களை வார்டின் ஆள் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் இது எளிதன்று என்பதை அறிவேன். முன்னாள் மாணவியர் சொல்வதைக் கேட்கும்போது மனம் கனக்கிறது. காலை முழுவதும் வரிசையாக இரத்த அழுத்தம் பார்த்துக் குறிப்பது, இரத்தக் குப்பிகளைப் பரிசோதனைக் கூடத்திற்குக் கொண்டுபோவது, படுக்கை விரிப்பது. இவை கீழான வேலைகள் என்று நான் சொல்லவில்லை. தாதிமையின் அடிப்படையே இவைதாம். ஆனால் மூன்றாம் ஆண்டிலும் அதையே செய்து, “இந்த அளவு ஏன் இறங்கியது? அடுத்து என்ன செய்வீர்கள்?” என்று ஒருவரும் கேட்காமல் கழிந்த மணியைப் பயிற்சி மணி என்று பதிவேட்டில் எழுதலாமா? தமிழ் பேசும் மாணவி என்றால் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. மலாய் சரளமாகப் பேசவராத நம் முதியவர்களுக்கு மொழிபெயர்க்க அவளைக் கட்டிலுக்குக் கட்டில் அழைக்கிறார்கள். அந்த முதியவர்களுக்கு அது பேருதவி. அவளும் மகிழ்ச்சியோடுதான் செய்கிறாள். இருப்பினும், அன்றைக்குக் கற்க வேண்டிய காயக்கட்டு வேலை யார் கையிலோ முடிந்துவிடுகிறது.

மாத முடிவில் பதிவேடுகளை அடுக்கிவைத்து ஒரே மூச்சில் கையொப்பமிடும் வழக்கத்தைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். நம் பள்ளிகளில் பாடக்குறிப்பேடுகளுக்கு நேர்வதுதான் அங்கும் நேர்கிறது போலும்!

நேரத்தைத் திட்டமிடுவதில் ஒரு சிறு செய்தி பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். நம் அரசு மருத்துவமனைகளில் பொதுவாகக் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, 2 முதல் இரவு 9 வரை, 9 முதல் மறுநாள் காலை 7 வரை என மூன்று வேலைமுறைகள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் போகிறவர் வருகிறவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைக்கிறார். எதை முதலில் சொல்வது, எதை விட்டுவிடக்கூடாது என்பதை ஒரு மாணவி அங்கேதான் கற்கிறாள். கல்லூரிப் பேருந்து காலை ஏழரைக்கு வந்து இறக்கிவிட்டு, ஒன்றரைக்கு ஏற்றிக்கொண்டு போகிறது என்றால், அவள் நான்காண்டு பயின்றும் ஓர் ஒப்படைப்பைக்கூட முழுமையாகப் பார்க்காமல் பட்டம் பெறக்கூடும். மணிக்கணக்கில் குறையே இராது. ஆகவே பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று கேளுங்கள். இரவு வேலைமுறை உண்டா, உண்டென்றால் பயிற்றுநர் இரவில் இருப்பாரா என்றும் கேளுங்கள். இரவில் மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரை நான் குறைகூறமாட்டேன். ஆயினும் பதிவுபெற்ற முதல் மாதத்திலேயே அவளுக்கு இரவுப்பணி வரும்.

“வார்டில் இடமில்லையென்றால் என்ன, எங்களிடம் நவீனப் பாவனைக் கூடம் இருக்கிறது” என்று சில கல்லூரிகள் சொல்கின்றன. இதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. அமெரிக்கத் தாதியர் வாரியங்களின் தேசிய மன்றம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், களப்பயிற்சியின் பாதிவரை பாவனைப் பயிற்சியாக மாற்றியும் மாணவர்களின் தேர்ச்சி குன்றவில்லை. கோவிட் பெருந்தொற்றுக்குப் பிறகு பிரிட்டனும் 2023-இல், 2,300 மணியில் 600 மணிவரை பாவனையாகச் செய்ய இடமளித்தது. ஆனால் அந்த அமெரிக்க ஆய்வில் பயிற்சி பெற்ற நடத்துநர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு பாவனைக்குப் பிறகும் உட்கார்ந்து அலசிப் பேசினார்கள். விலையுயர்ந்த மனிதப் பொம்மையை வாங்கி வைத்துவிட்டு, முப்பது பேரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கவிடுவது பாவனைப் பயிற்சியாகாது. அங்கேயும் தேவைப்படுவது ஆளே.

“நாடெங்கும் தாதியர் பற்றாக்குறை, சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போகிறவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், இந்த நேரத்தில் சேர்க்கையைக் கட்டுப்படுத்தச் சொல்கிறீர்களே” என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். நியாயமான வாதந்தான். ஆனால் நாம் இதை ஒருமுறை பார்த்துவிட்டோம். 2000-களில் தனியார் தாதியர் கல்லூரிகள் பெருகின. கடன் வாங்கிப் படித்து முடித்த பலர் வேலையின்றி நின்றார்கள். 2010-இல் டிப்ளோமாவுக்கான நுழைவுத் தகுதி மூன்று கிரெடிட்டிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டது. வாசலில் தகுதியை உயர்த்தியது சரியே. உள்ளே வார்டில் எத்தனை பேருக்கு இடம் என்பது வேறு வினா. பற்றாக்குறையைத் தீர்க்க வேண்டுமானால், மாணவர்களுக்கு வழிகாட்டும் தாதியின் நேரத்தை அவருடைய பணி அட்டவணையிலேயே ஒதுக்க வேண்டும்; அதற்குரிய படித்தொகையும் தர வேண்டும். இப்போது நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு, மாணவரையும் பார்த்துக்கொண்டு, கையொப்பமும் இடு என்கிறோம். அவரும் மனிதர்தானே? கல்லூரிகள் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு இந்த வார்டுகளுக்குப் போய்ச் சேர்ந்தால் இடங்கள் தாமே கூடும்.

சென்ற ஆண்டு ஒரு தந்தை நான் சொன்னபடியே ஒரு கல்லூரியின் முகப்பில் கேட்டிருக்கிறார். முகப்பிலிருந்த பெண்ணுக்கு விடை தெரியவில்லை. ஆனால் உள்ளேயிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர் மூன்றாம் ஆண்டுக்கான பணியமர்வு அட்டவணையை மேசையில் விரித்து, எந்தக் குழு எந்த வாரம் எங்கே, பயிற்றுநர் யார், இடம் தவறினால் மாற்று வாரம் எது என்று காட்டினாராம். இன்னொரு கல்லூரியில், “அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்ற விடையே கிடைத்திருக்கிறது. மகளை எங்கே சேர்த்தார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இடைநிலைப்பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உயர்கல்விக் கண்காட்சி நடத்தும்போது, கல்லூரியின் விளம்பர அதிகாரியோடு களப்பயிற்சி ஒருங்கிணைப்பாளரையும் அனுப்புமாறு கடிதத்திலேயே கேட்டு எழுதுங்கள். முடிந்தால் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தன் பயிற்சிப் பதிவேட்டோடு அழையுங்கள். நோயாளிகளின் விவரம் எதுவும் அதில் தெரியாதவாறு பார்த்துக்கொண்டால் போதும். கடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கு முன், எந்த மாதம் எந்த வார்டில் இருந்தாள், அருகில் யார் நின்றார், எத்தனை கட்டுகளைத் தன் கையால் மாற்றினாள் என்று பெற்றோர் அவளிடம் நேரில் கேட்டுக்கொள்ளட்டும்.