எங்கே அடித்தால் விழுவார்?

போன ஞாயிறு, நண்பன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பஞ்சாயத்து. ஐந்து பேர், ஒரு பொட்டலம் மிக்சர், மூன்று பகடை. ரோல்-பிளேயிங் கேம் என்று இதற்குப் பெயர். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, அந்த ஆளாகவே பேசி முடிவெடுக்க வேண்டும். ஜெயிப்பதும் தோற்பதும் பகடை கையில். வீட்டில் இருப்பவர்கள் பார்வையில், முப்பது வயசுக்கு மேல் செய்யக்கூடாத காரியம்.

அன்றைக்கு சூப்பர்ஹீரோ ஆட்டம். ''நான் இரும்புக்கை மாயாவி'' என்றேன். 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' வாரப் பத்திரிகையில் பிறந்து, 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தவர். சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து திருடிப் படித்த நாள் முதல் எனக்குக் குலதெய்வம்.

''அவரு உளவாளிடா. பறக்க மாட்டாரு. சூப்பர்ஹீரோ லிஸ்ட்லயே வராது'' என்றான் வங்கியில் வேலை பார்க்கும் நண்பன். ''விக்கிப்பீடியால போட்டிருந்தா ஐநூறு ரூபா தர்றேன்.''

போனைத் திறந்தேன். பக்கத்தின் மேலே 'தொகு' என்று ஒரு பட்டன். 'உளவாளி' என்பதை 'சூப்பர்ஹீரோ' என்று மாற்றப் பத்து செகண்ட் போதும். விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. அழுத்தினேனா, இல்லையா? கடைசியில் சொல்கிறேன்.

நண்பன் கேட்டது அப்படியொன்றும் சின்னக் கேள்வி இல்லை. யார் சூப்பர்ஹீரோ என்று கோர்ட்டே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. 1938-ல் சூப்பர்மேன் வந்தார். அடுத்த வருஷமே 'வொண்டர் மேன்' என்று ஒரு ஜெராக்ஸ் காப்பி. வழக்குப் போட்டார்கள், 1940-ல் நியூயார்க் அப்பீல் கோர்ட்டும் காப்பிதான் என்று சொல்லிவிட்டது. பிற்பாடு டி.சி., மார்வெல் இரண்டு கம்பெனிகளும் பங்காளிச் சண்டையை மறந்து 'சூப்பர் ஹீரோஸ்' என்ற வார்த்தையையே கூட்டாக டிரேட்மார்க் பண்ணி வைத்துக்கொண்டன. 2024-ல்தான் அது ரத்தானது.

பி.காம். படித்த எனக்குப் பிடித்தது வரி வழக்கு. அமெரிக்காவில் இறக்குமதியான மனித உருவப் பொம்மைக்கு அப்போது 12 சதவிகித வரி. மற்ற விளையாட்டுச் சாமானுக்கு 6.8. எக்ஸ்-மென் பொம்மைகள் செய்யும் கம்பெனி, ''எங்கள் ஆட்கள் மனிதர்களே இல்லை'' என்று வாதாடி 2003-ல் ஜெயித்தது. 'நாங்களும் மனிதர்கள்தான்' என்று கதை முழுக்கக் கதறுகிறவர்கள் பாவம்! 5.2 சதவிகிதத்தில் ஜாதி மாறிவிட்டது.

பீட்டர் கூகன் என்ற ஆராய்ச்சியாளர் 2006-ல் மூன்று லட்சணம் சொன்னார். நல்லது செய்யும் லட்சியம், அபூர்வ சக்தி, பெயரும் உடையுமாக ஒரு தனி அடையாளம். பேட்மேனுக்கு அபூர்வ சக்தி எங்கே இருக்கிறது? அதனால் இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்தக் குழப்பத்தை எனக்குத் தெரிந்து அழகாகத் தீர்த்தது ஒரு ஆட்டம்தான். 1981-ல் அமெரிக்காவில் வந்த 'சாம்பியன்ஸ்'. அதில் சக்தியைப் பாயிண்ட் கொடுத்து வாங்க வேண்டும். பறக்க இத்தனை, சுவரை உடைக்க இத்தனை. பாயிண்ட் போதவில்லையா? பலவீனம் எழுதிக் கொடுத்துக் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம். துரத்தும் எதிரி, காப்பாற்ற வேண்டிய அத்தை, வெளியே தெரியக்கூடாத ரகசியம் எல்லாவற்றுக்கும் ரேட் உண்டு. சுத்தமான பற்று வரவுக் கணக்கு! ஒரே ஒரு கண்டிப்பு: ஆட்டத்தில் உங்களைத் தொந்தரவே செய்யாத பலவீனத்துக்குப் பாயிண்ட் கிடையாது. 'சந்திரனில் போனால் மயக்கம் வரும்' என்று எழுதிவிட்டுச் சந்திரன் பக்கமே போகாமல் இருந்தால் சைபர்.

இப்போது அந்த 'தொகு' பட்டனுக்கு வருவோம்.

விக்கிப்பீடியா 2001-ல் பிறந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதுதான் அதன் பறக்கும் சக்தி. 2005-ல் ஜான் சைகன்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி, கென்னடி கொலையில் சந்தேகிக்கப்பட்டவர் என்று எவனோ விளையாட்டாக எழுதிவைத்தான். நாலு மாசத்துக்கு மேல் அப்படியே இருந்தது. அதே வருஷம் 'நேச்சர்' பத்திரிகை 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்து நிபுணர்களிடம் கொடுத்தது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நாலு பிழை, பிரிட்டானிகாவில் மூன்று. பிரிட்டானிகா கொதித்துப்போய் மறுப்பு வெளியிட்டது. நமக்கு விஷயம் என்னவென்றால், தடித்தடி அட்டை போட்ட புத்தகத்திலும் பிழை இருக்கிறது. ஆனால் அங்கே யார் எப்போது எழுதினார் என்று நாம் பார்க்க முடியாது. இங்கே ஒவ்வொரு திருத்தமும் தேதி, நேரத்தோடு 'வரலாறு' பக்கத்தில் கிடக்கிறது. சந்தேகமான வரிக்குப் பக்கத்தில் 'மேற்கோள் தேவை' என்று முத்திரை. 'என்னையே ஆதாரமாகக் காட்டாதே' என்று அதுவே சொல்கிறது. பலவீனத்தை எழுதிக் கொடுத்துவிட்ட சூப்பர்ஹீரோ!

அப்படியானால் நம்பிவிடலாமா? அவசரப்படாதீர்கள். 2007-ல் ஆங்கில விக்கிப்பீடியாவில் 'பிச்சோலிம் போர்' என்று ஒரு கட்டுரை ஏறியது. 1640-41-ல் கோவாவில் போர்ச்சுகீசியருக்கும் மராட்டியருக்கும் நடந்த யுத்தம், அடிக்குறிப்புகளோடு. 'நல்ல கட்டுரை' பட்டமும் கிடைத்தது. 2012 டிசம்பரில் ஒரு ஆசாமி அந்த அடிக்குறிப்புப் புத்தகங்களைத் தேடிப் பார்த்தார். அப்படிப் புத்தகங்களே இல்லை. யுத்தமும் இல்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் எத்தனை பேர் படித்திருப்பார்கள்! ஆதாரம் எல்லார் கண்ணெதிரேதான் இருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை.

சாம்பியன்ஸ் ஆட்டத்தின் கண்டிப்பு இங்கேதான் உதைக்கிறது. யாரும் திறந்து பார்க்காத அடிக்குறிப்புக்கும் பாயிண்ட் சைபர். நாளைக்கு மேனேஜருக்குக் காட்டும் ரிப்போர்ட்டில் விக்கிப்பீடியாப் புள்ளிவிவரத்தை ஒட்டப்போகிறீர்களா? அதன் கீழே இருக்கும் ஆதாரத்தை ஒருதரம் திறங்கள். 'வரலாறு', 'உரையாடல்' பக்கங்களில் எட்டிப் பாருங்கள். மூன்று நிமிஷ வேலை. அந்த மூன்று நிமிஷம் நீங்களும் ஒரு சூப்பர்ஹீரோ.

சரி, பட்டனை அழுத்தினேனா?

இல்லை. நேர்மை என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள். 'வரலாறு' பக்கத்தில் ஞாயிறு மாலை 6.40 என்று விழும். எதிரே உட்கார்ந்திருக்கிறவன் வங்கிக்காரன், தேதி பார்க்காமல் எதையும் பாஸ் பண்ணமாட்டான். பந்தயத்தை வாபஸ் வாங்கினேன்.

கேம் மாஸ்டராக இருந்த நண்பன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். ''உங்க மாயாவி எங்கே அடிச்சா விழுவாரு?''

''ஷாக் அடிச்சாதான் உடம்பு மறையும். அப்பவும் அந்த இரும்புக் கை மட்டும் தெரியும்.''

''போதும். சூப்பர்ஹீரோதான். உட்காருங்க.''

கொசுறு: ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில், வில்லனாக வந்த வங்கிக்காரன் ஊரின் டிரான்ஸ்பார்மரை நிறுத்திவிட்டான். பவர்கட். என் குலதெய்வம் முழு உருவத்தோடு நடுத்தெருவில் நின்றார்.