எண்ணெய் உறவும் தொழிலாளியின் வாயும்



பால் மரம் சீவுகிறவனுக்கு அரபு நாட்டு விவகாரம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். செயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயிலிருந்து பிறக்கிறது. எண்ணெய் மலிந்தால் அதுவும் மலிகிறது. நம் ரப்பரின் விலை இறங்குகிறது. ஆகவே கேட்கிறோம்: அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் எண்பது ஆண்டுகளாகப் பிரியாதிருக்கும் மர்மம் என்ன?

ஒன்று குடியரசு. மற்றொன்று ஒரு குடும்பத்தின் பெயரையே நாட்டின் பெயராகக் கொண்ட முடியரசு. 1945 பிப்ரவரி 14-இல், சூயஸ் கால்வாய் வழியிலுள்ள ஏரியில், போர்க்கப்பல் ஒன்றில் அதிபர் ரூஸ்வெல்ட்டும் மன்னர் இப்னு சவூதும் கண்டு பேசினார்கள். ரூஸ்வெல்ட் தம் சக்கர நாற்காலி ஒன்றையும் பரிசளித்தாராம்! ஆனால் பாலஸ்தீன விஷயத்தில் மன்னர் அன்றே இணங்க மறுத்துவிட்டார். 1948-இல் இஸ்ரேலை அமெரிக்கா அங்கீகரித்தது. மன்னர் சினந்தார், எண்ணெய்க் குத்தகையை ரத்து செய்தாரா? இல்லை. 1973-இல் சவூதி எண்ணெயை நிறுத்தியது. மறு ஆண்டே புது ஒப்பந்தம் எழுதினார்கள். 2001 செப்டம்பர் 11-இல் விமானம் கடத்திய 19 பேரில் 15 பேர் சவூதிகள். அப்போதும் உறவு முறியவில்லை. 2018-இல் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொலையுண்டார். சவூதியைத் தள்ளி வைப்பதாகத் தேர்தல் மேடையில் முழங்கிய பைடன், 2022 ஜூலையில் ஜித்தாவுக்கே போய் இளவரசரோடு முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டார்.

எண்ணெய் ஒரு பக்கம், துப்பாக்கி மறுபக்கம். எண்ணெய் விற்ற பணத்தில் ஒரு பங்கு ஆயுத விலையாகவும் கடன் பத்திரமாகவும் அமெரிக்காவுக்கே திரும்புகிறது. பத்திரிகைப் பண்டிதர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். செக்ரோல் எழுதிப் பழகிய நாம் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டியவர்கள்.

அரம்கோ எண்ணெய்க் கம்பெனியில் அமெரிக்கருக்கு வேலியிட்ட குடியிருப்பு, குளிர்சாதனம். அரபுத் தொழிலாளிக்கு வேறு முகாம். பங்களாவையும் லயத்தையும் பார்த்தே வளர்ந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா? 1953-இல் அத்தொழிலாளர்கள் கூலி உயர்வும் நல்ல குடியிருப்பும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டு மனுக் கொடுத்தார்கள். பேச வந்த பிரதிநிதிகளைச் சர்க்கார் சிறையில் தள்ளிற்று. அக்டோபரில் சுமார் 13,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். பட்டாளம் வந்தது. பிறகு கூலி ஏதோ கொஞ்சம் ஏறியது; சங்கம் மட்டும் கிடைக்கவில்லை. 1956 ஜூனில் மீண்டும் கிளர்ச்சி எழுந்தபோது, வேலை நிறுத்தமே குற்றம் என்று அரச ஆணை பிறந்தது. இன்றும் அந்நாட்டில் தொழிற்சங்கத்துக்கு இடமில்லை.

அந்த ஆணையைக் கண்டு சுதந்திர உலகின் காவலர் முகம் சுளித்தாரா? 1957 ஜனவரியில் மன்னர் சவூத் வாஷிங்டனில் வந்திறங்கினார். அதிபர் ஐசன்ஹோவர் விமான நிலையத்துக்கே போய்க் கைகுலுக்கி வரவேற்றார். தஹ்ரான் விமானத்தளம் மேலும் ஐந்தாண்டுக்கு அமெரிக்கர் கையில் தங்கியது.