மாநாட்டுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கரி மேலாகக் கிடைப்பதில்லை. முதலில் மலை மலையாக மண்ணை அள்ளிப் போட வேண்டும். அடியில் முட்டுகிற தண்ணீரை இரவு பகலாக இறைக்க வேண்டும். 1957-ல் வெட்டத் தொடங்கினார்கள். 1961-ல்தான் கரி கண்ணில் பட்டது. அள்ளிய மண் எவ்வளவு, எடுத்த கரி எவ்வளவு என்று அங்கே கணக்கு உண்டு.

அறிஞர்கள் கூடும் மாநாடுகளுக்கும் இப்படி ஒரு கணக்கு வேண்டும். பந்தல், பொன்னாடை, தோள்பை, போட்டோ இவையெல்லாம் மண். ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேட்டு, "இது சரிதானா?" என்று விவாதிப்பதுதான் கரி. மண்ணை மட்டும் அள்ளிவிட்டுக் கரி எடுக்காமல் வீடு திரும்பினால் யாருக்கு லாபம்?

"அது படித்தவர்கள் விஷயம், நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். பணம் நம் வீட்டிலிருந்துதான் போகிறது.

நெய்வேலிக் குடியிருப்பில் ஒரு தொழிலாளி. அவருடைய மகள் ஆராய்ச்சி மாணவி என்று வைத்துக்கொள்வோம். "அப்பா, வெளியூர் மாநாட்டில் கட்டுரை படிக்க வேண்டும்" என்கிறாள். கட்டணம் 2,000 ரூபாய். போக வர, தங்க, சாப்பிட இன்னும் 3,000. சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார் அப்பா. மகள் போகிறாள். காலையெல்லாம் வரவேற்புரையும் வாழ்த்துரையும். மாலையில் அவளுக்கு 5 நிமிஷம் கிடைக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை! மற்றவர்கள் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

இது எப்படி வந்தது? டாக்டர் பட்டம் வாங்க வேண்டுமானால் 2 கட்டுரைகளாவது மாநாடுகளில் படித்திருக்க வேண்டும் என்று 2016-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால், கட்டாயம் வந்ததும் சர்டிபிகேட்டுக்குக் கிராக்கியும் வந்தது. பணம் கட்டினால் போதும், ஆள் வர வேண்டாம் என்கிற இடங்களும் முளைத்தன. 2022-ல் அந்தக் கட்டாயத்தைக் குழு எடுத்துவிட்டது. சர்டிபிகேட் மோகம்தான் இன்னும் போகவில்லை.

பணக் கணக்கு சரியில்லை என்ற பேச்சு வந்தால் பெரிய மாநாடும் நின்றுபோகும். இந்திய விஞ்ஞான காங்கிரஸ் 1914-ல் கல்கத்தாவில் முதன்முதலாகக் கூடியபோது வந்தவர்கள் 105 பேர். படித்த கட்டுரைகள் 35. பிறகு அது பல்லாயிரம் பேர் கூடும் திருவிழா ஆயிற்று. 2023-ல் மத்திய அரசின் விஞ்ஞானத் துறை, பண விஷயத்தில் முறைகேடு என்று சொல்லி உதவியை நிறுத்தியது. காங்கிரஸை நடத்தும் சங்கம் அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். 2024 ஜனவரியில் கூட வேண்டிய மாநாடு கூடவில்லை!

ஆகவே, மாநாடு நடத்துகிறவர்களுக்கு நான்கு வார்த்தை:

முதலாவது, வாங்கும் கட்டணம் எதற்கு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மாநாடு முடிந்ததும் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இரண்டாவது, சம்பளம் வாங்கும் பேராசிரியருக்கும் சம்பளமில்லாத மாணவிக்கும் ஒரே கட்டணம் வேண்டாம். வசதியில்லாதவரிடம் வாங்கவே வேண்டாம். பொன்னாடைச் செலவைக் குறைத்தால் இதற்குப் பணம் கிடைக்கும்.

மூன்றாவது, கட்டுரை படிப்பவர் மற்றவர் கட்டுரையையும் இருந்து கேட்க வேண்டும். சர்டிபிகேட்டைக் கடைசி நாள் மாலையில் கொடுங்கள். கைக்குழந்தைக்காரர், உடல்நலமில்லாதவர், தூரத்து ஊர்க்காரர் வீட்டிலிருந்தே கைப்பேசி மூலம் பேசட்டும், கேட்கட்டும். அவர்களுக்குக் கட்டணமும் குறைவாக இருக்கட்டும்.

நான்காவது, ஒரு மாலை நேரத்தையாவது ஊர் மக்களுக்கு இலவசமாகத் திறந்துவிடுங்கள். 1968-ல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டில் ஆராய்ச்சி அரங்கு அறிஞர்களுக்குத் தனியாக நடந்தது. ஊர்வலமும் கண்காட்சியும் பொதுமக்களுக்கு இருந்தன. நெய்வேலியில் நிலத்தடி நீரைப் பற்றி மாநாடு நடந்தால், சுற்று வட்டார விவசாயிக்கும் அதில் கேட்கக் கேள்வி இருக்கும். அதை அவருக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டாமா?

விருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தவர்களுக்கு வயிறார சோறு போடுவது நம் வழக்கம். ஆனால், சோறு போட்டது மட்டும் நினைவில் இருந்தால் அது கல்யாண வீடு, மாநாடு அல்ல.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை மாநாட்டிலிருந்து திரும்பி வந்தால், "என்ன வாங்கி வந்தாய்?" என்று கேட்காதீர்கள். "என்ன கேட்டு வந்தாய்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் இருந்தால் நீங்கள் கொடுத்த பணம் வீண் போகவில்லை.