தட்டைத் திறந்து காட்டாதீர்கள்

அன்பு மாணவர்களே, உறவினர்களே,

திண்டிவனத்தில் ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வயல் மண்ணிலிருந்து கிருமி வளர்த்துக் கண்ணாடித் தட்டில் வைத்திருந்தாள். நல்ல முயற்சி. ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டினாள். நடுவரோ குனிந்து முகர்ந்துவிட்டுப் பரிசும் கொடுத்தார்! என் கோபம் அந்தக் குழந்தை மேல் இல்லை, பெரியவர்கள் மேல்தான்.

விழுப்புரத்து மைத்துனரிடம் சொன்னால், "தயிரும் இட்லி மாவும்கூட கிருமிதானே மாமா?" என்கிறார். தயிருக்கு என்ன உறை ஊற்றினோம் என்று நமக்குத் தெரியும். மாவின் புளிப்பே மற்ற கிருமிகளை அண்டவிடாது. கடல்பாசியில் சத்துக் கலந்து ஊற்றிய தட்டுக்கு அந்தக் காவல் இல்லை. மண்ணில் சிதறிக் கிடந்தது இரண்டு நாளில் கோடியாகப் பெருகி நிற்கும். அது எது என்று யாருக்கும் தெரியாது.

நெல்வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா, மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும். சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும், உயிரையும் எடுக்கும். வேலூர் சி.எம்.சி.யிலும் புதுவை ஜிப்மரிலும் இந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள். தட்டை முகராதே என்பது பெரிய ஆய்வகங்களிலேயே விதி. நாம் முகர்ந்து பரிசு கொடுக்கிறோம்.

வீடியோ பார்த்துச் செய்கிறவர்களுக்கு ஒன்று. இங்கிலாந்துப் பள்ளிகளில் தட்டை 25 டிகிரி அளவில் வைக்கிறார்கள். நம் உடம்புச் சூடான 37-ல் வைத்தால், நம் உடம்பில் வாழத் தெரிந்த கிருமிகளுக்கு வசதியாகிவிடும். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் அலமாரியே 37-ஐத் தொடும். ஆகவே கோடையில் இந்தச் சோதனை வேண்டாம்.

அதற்காகச் செய்யவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. கிருமி வளர்க்கக் கடல்பாசியைப் பயன்படுத்தலாம் என்று 1881-ல் யோசனை சொன்ன ஃபேனி ஹெஸ், அதைத் தன் சமையலறையில் பழகியவர்தான். செய்யுங்கள், முறையோடு செய்யுங்கள்.

எச்சில், புண், கழிவறை, பச்சை இறைச்சி, வயல் மண் இவற்றிலிருந்து எடுக்காதீர்கள். வளரும்போது மூடியை நான்கு இடத்தில் மட்டும் டேப்பால் ஒட்டுங்கள். காற்றே புகாமல் அடைத்தால், காற்றில்லாமல் வளரும் பொல்லாத கிருமிகள் தலைதூக்கும். பிறருக்குக் காட்டும்போது முழுக்கச் சுற்றிவிடுங்கள். அதன்பின் திறக்கவே கூடாது. முடிந்ததும், சமையலுக்கு எடுக்காத ஒரு குக்கரில் மூடியபடியே வைத்து, ஆவி நன்றாக வந்தபின் அரைமணி நேரம் அவித்துவிட்டுத்தான் எறிய வேண்டும். குழாயடியில் கழுவி ஊற்றாதீர்கள்.

என்னிடம் படித்து இன்று ஆசிரியராக இருப்பவர்களே, அடுத்த கண்காட்சியில் நடுவராகப் போனால் பிள்ளைகளிடம், "இதை எப்படி அழிக்கப் போகிறாய்?" என்று கேளுங்கள். பதில் தெரிந்த பிள்ளைக்குப் பரிசு கொடுங்கள். பதில் தெரியாவிட்டால் தவறு பிள்ளையுடையது அல்ல, சொல்லிக் கொடுக்காத நம்முடையது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்