நாலு கை ஆசாமி

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தின் நிழல் தரையில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு (விழுகிறது சார், சந்தேகமே வேண்டாம்) காபி சாப்பிடக் கிளம்பிவிடுகிறார்கள். சுவரை யாரும் படிப்பதில்லை. பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது அருமையான ஸ்டாக் ரிஜிஸ்டர். 1010-ஐ ஒட்டிய வருஷங்களில் ராஜராஜன் கொடுத்த நகைகளில் எத்தனை வயிரம், என்ன எடை என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. கூடவே விரிசல் விட்டவை, கரும்புள்ளி உள்ளவை என்று குறைகளும்! ராஜா கொடுத்த நகையிலேயே நொட்டை எழுதிய அந்தக் கணக்குப்பிள்ளைக்கு இன்றைக்கு எந்த ஆபீஸிலும் இன்க்ரிமென்ட் கிடைக்காது.

வைரத்துக்குள் தெரியும் கரும்புள்ளி பல சமயம் என்ன தெரியுமோ? கிராஃபைட். உங்கள் பென்சில் முனை. சிவகங்கையில் டாமின் வெட்டி எடுக்கிற அதே சரக்கு. இரண்டும் கார்பன்தான். ஸ்மித்சன் டெனன்ட் என்கிற இங்கிலாந்துக்காரர் 1797-ல் வைரத்தையே எரித்துப் பார்த்து இதை நிரூபித்தார். (வீட்டில் என்ன சொன்னார்களோ!)

கார்பன் அணுவுக்கு நாலு கை. வைரத்தில் ஒவ்வொருத்தரும் நாலு கையாலும் நாலு பேரைப் பிடித்துக்கொண்டு, எல்லாத் திசையிலும் ஒரே இறுக்கம். கிராஃபைட்டில் மூணு கையால் மட்டும் பாய் மாதிரி பின்னிக்கொள்கிறார்கள். நாலாவது எலெக்ட்ரான் சீட்டில் உட்காராமல் பாய் முழுக்கச் சுற்றுகிறது; அதனால் மின்சாரம் பாய்கிறது. பாய்க்கும் பாய்க்கும் நடுவே பிடிப்பு லேசு. வழுக்கிக்கொண்டு வந்து காகிதத்தில் ஒட்டுகிறது. ஆள் ஒருத்தர்தான், உட்கார்ந்த விதம் வேறு. சம்பளத்தில் எத்தனை வித்தியாசம்!

இதே ஆசாமி மன்னார்குடி வயல்களுக்கு அடியிலும், பல நூறு அடி ஆழத்தில், பழுப்பு நிலக்கரியாகப் படுத்திருக்கிறார். அரைகுறைப் பின்னல், நடுவே ஈரம். நாலு கையிலும் நாலு ஹைட்ரஜனைப் பிடித்தபடி அந்தக் கரியில் ஒட்டிக்கொண்டிருப்பது மீத்தேன். தண்ணீரின் அழுத்தம்தான் அதை அங்கே நிறுத்திவைத்திருக்கிறது. வாயுவை எடுக்க வேண்டுமென்றால் முதலில் அந்தத் தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும். போர்வெல்லை நம்பிக் குறுவை போடுகிற ஊரில் இதைச் சொல்லிவிட்டுப் பத்திரமாக பஸ் ஏற முடியுமா? 2010-ல் ஒப்பந்தம் போட்டார்கள். ஊரே எதிர்த்தது, நின்றது. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அதற்கப்புறமும் 2023 மார்ச்சில் மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் ஒரத்தநாடு பக்கம் வடசேரியின் பெயர் இருந்தது. சத்தம் கிளம்பியதும் ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள்.

பட்டியல் போட்டவர் சட்டத்தைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பெரிய கோயில் கணக்குப்பிள்ளையாக இருந்தால் வடசேரிக்குப் பக்கத்திலேயே ‘குறை உள்ளது’ என்று வெட்டியிருப்பார், அதுவும் கல்லில்.