கூட வருகிறவன் கேட்கிறான்!

ராஜா தப்புச் செய்தால் தட்டிக் கேட்பது யார்? தெருக்கூத்து பார்த்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். கட்டியக்காரன்!

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. அருவிக்கும், 1967-ல் தொடங்கிய மிருகக்காட்சி சாலைக்கும் பேர் போன ஊர். அந்த மலையைச் சுற்றியுள்ள வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் கூத்துக்குப் பேர் போன சீமை. திரௌபதி அம்மன் கோவில் திருவிழா வந்தால் பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் விடிய விடியக் கூத்து. ராஜா வேஷம் வந்ததும் கட்டியக்காரன் பக்கத்தில் நிற்பான். "நீர் யார்? எதற்கு வந்தீர்?" என்று கேட்பான். கேலி செய்வான். ஜனங்கள் மனத்தில் நினைப்பதை அவன் வாய்விட்டுச் சொல்லிவிடுவான்.

இப்போது கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கதை விளையாட்டு ஆடுகிறார்கள். அதிலும் இப்படி ஆட்கள் உண்டு. இது பெற்றோர் பலருக்குத் தெரியாது.

ஆடுகிறவன்தான் அதில் கதாநாயகன். அவனோடு மூன்று, நான்கு தோழர்கள் வருவார்கள். திருடலாமா, வேண்டாமா? எதிரியை மன்னிக்கலாமா, கொல்லலாமா? அவன்தான் முடிவு செய்ய வேண்டும். செய்த உடனே, "இது இன்னாருக்குப் பிடிக்கவில்லை" என்று திரையில் எழுத்து வரும்!

பெல்ஜியம் நாட்டு லாரியன் கம்பெனி 2023-ல் வெளியிட்ட விளையாட்டு 'பால்டர்ஸ் கேட் 3'. (இது பெரியவர்களுக்கானது. சிறுவர்களிடம் கொடுக்கக் கூடாது.) அதில் அடைக்கலம் தேடி வந்த அகதிகளைக் கொல்லும் கூட்டத்தோடு கதாநாயகன் சேரலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் வில், கார்லாக் என்ற இரண்டு தோழர்களும் அவனை விட்டுப் போய்விடுவார்கள். ஆஸ்டேரியன் என்று இன்னொருவன் இருக்கிறான். ஏழைக்கு இரங்கினால் அவன் முகம் சுளிப்பான்! துரியோதனனுக்குச் சகுனியும் கூட இருந்தவன்தானே? யாருடைய கோபத்தை மதிப்பது என்பதும் ஆடுகிறவன் பொறுப்பு.

இதுவரை சரி. ஆனால் இதில் ஒரு கோளாறு இருக்கிறது.

கனடா நாட்டு பயோவேர் கம்பெனியின் 'டிராகன் ஏஜ்' 2009-ல் வந்தது. அதில் தோழரின் மதிப்புக்கு மார்க் உண்டு. பரிசு கொடுத்தால் மார்க் ஏறும்! காலையில் அநியாயம் செய்யலாம்; மாலையில் ஒரு நகையைக் கொடுத்துச் சரிக்கட்டலாம். கெட்டிக்காரப் பிள்ளைகள் இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். நல்ல தோழனை முகாமில் விட்டுவிட்டுப் போய்க் கெட்ட காரியத்தை முடிப்பார்கள். அவன் பார்க்கவில்லை, பெரும்பாலும் மார்க்கும் குறையாது. சாட்சியை வீட்டில் உட்கார வைத்துவிட்டுக் களவுக்குப் போவது என்றால் இதுதான்!

எல்லாம் இப்படி விலைக்கு வருவதில்லை. அதே விளையாட்டில் புனிதச் சாம்பலைக் கெடுத்தால், கூட வந்த வின் என்ற மூதாட்டி எதிர்த்துச் சண்டைக்கு வருவாள். அந்த இடம்தான் எங்களுக்குப் பிடித்தது.

கூத்தில் துகிலுரிதல் நடக்கும் சபையை நினைத்துப் பாருங்கள். கௌரவர் நூறு பேரில் ஒருவன் விகர்ணன். "தன்னையே தோற்ற தருமனுக்குத் திரௌபதியைப் பணயம் வைக்க ஏது உரிமை?" என்று கேட்டான். கர்ணன் அவனை அதட்டி அடக்கினான். கேட்டவன் அண்ணனை விட்டு ஓடவில்லை. அண்ணனுக்காகவே போரிட்டு, பீமன் கையால் மாண்டான். விதுரர் வேறு வழி போனார். துரியோதனன் வாய்க்கு வந்தபடி பேசியதும் வில்லை ஒடித்துப் போட்டுவிட்டு விலகினார். ஒருவர் சொல்லிவிட்டுக் கூட நின்றார். ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். இருவரையும் பரிசு கொடுத்து வாங்க முடிந்ததா? சபை கூடுமுன் விகர்ணனை வெளியே அனுப்பி வைக்கவும் முடியவில்லை. கூத்தில் ஊரே உட்கார்ந்து பார்க்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் பிள்ளை தனியாக இருக்கிறான்.

"எத்தனை மணி நேரம் ஆடினாய்?" என்றுதான் வீட்டில் கேட்கிறோம். "இன்றைக்கு உன் மேல் யார் கோபித்துக் கொண்டார்கள்? அப்படி என்ன செய்தாய்?" என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். பிள்ளை ஆசையாகக் கதை சொல்வான். சொல்லி முடித்ததும், முகாமில் யாரை விட்டுவிட்டுப் போனான் என்றும் கேளுங்கள்.