கழற்றிக்கொண்டு போகும் பனைமரம்

சென்ற இதழில் குளிர் உடுப்புகளைப் பேணுவது பற்றிப் பார்த்தோம். இம்முறை பிள்ளைகளின் அறைக்குள் சற்று எட்டிப் பார்ப்போம்.

புதிதாகக் குடியேறிய வீடுகளில் கடைசியாகக் கவனிக்கப்படுவது இந்த அறைதான். வாடகையும் கடனும் கட்டி முடித்தபின் சுவருக்குச் செலவழிக்க யாரிடம் காசு இருக்கிறது? வீட்டுச் சொந்தக்காரர் ஆணி அடிக்கவும் விடமாட்டார், நிறம் பூசவும் விடமாட்டார். வெள்ளைச் சுவரும் ஒரு மெத்தையுமாக அறை கிடக்கும்.

1993இல் நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தபோது எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஆறு வயது மகள் மாதக்கணக்காகத் தன் பையை அவிழ்த்து வைக்கவில்லை. உடுப்பை எடுப்பாள், தோய்த்துக் காய்ந்ததும் திரும்பப் பைக்குள்ளேயே வைப்பாள். ஏனென்று கேட்டோம். "பிறகும் ஓட வேண்டி வந்தால் தேடிக்கொண்டு நிற்கத் தேவையில்லை அல்லோ" என்றாள். அன்றுதான் அந்த வெள்ளைச் சுவர் எங்கள் கண்ணில் பட்டது.

வீட்டில் ஒரு பழைய நூற்சேலையும் ஒரு சாரமும் இருந்தன. அவற்றை வெட்டிச் சுவரில் ஒரு பனைமரம் ஒட்டினோம். நீங்களும் செய்து பார்க்கலாம்.

தேவையானவை: பழைய பருத்தித் துணி, சோளமா 2 மேசைக்கரண்டி, தண்ணீர், கத்தரிக்கோல், அகலமான தூரிகை.

சோளமாவை 2 மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். 2 கோப்பை தண்ணீரைக் கொதிக்கவைத்து, கரைசலை ஊற்றிக் கஞ்சி பதத்துக்கு வரும்வரை துழாவி இறக்குங்கள். இதைப் பெரியவர்களே செய்யவேண்டும். ஆறியபின் தூரிகையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம்.

துணியை முதலில் தோய்த்துக் காயவையுங்கள். சாயம் போகும் துணி சுவரைக் கறைப்படுத்திவிடும். பட்டும் நைலோனும் சரிவராது. சுவரில் பசையைப் பூசி, துணியை வைத்து நீவி, மேலும் ஒருமுறை பசை பூசுங்கள். ஒரு இரவில் காய்ந்துவிடும். எதற்கும் முதலில் ஒரு மூலையில் சிறு துண்டை ஒட்டி, இரண்டு நாள் கழித்துக் கழற்றிப் பாருங்கள்.

மரத்தின் வடிவத்தைப் பிள்ளையே வரையட்டும். ஓலை கோணலாக வந்தால் வரட்டும். புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் தெருவில் உதிரும் மேப்பிள் இலைகளைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்து, மேலே பாரமேற்றி இரண்டு வாரம் விடுங்கள். காய்ந்த இலைகளை மரத்தடியில் ஒட்டலாம். பனைக்குக் கீழே மேப்பிள் இலை கிடந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை!

கவனம்: வெப்பமூட்டிக்கும் மின்செருகிக்கும் அருகில் துணியோ இலையோ வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் பொத்தான், மணி போன்ற சிறு பொருட்களைச் சேர்க்காதீர்கள். தொட்டிலுக்கு மேலே கயிறு எதுவும் தொங்கவிடாதீர்கள்.

மகளின் பிறந்தநாள் தோறும் அவளுடைய உயரத்தைப் பனையின் தண்டிலே பேனாவால் குறித்து வந்தோம். 1996இல் வேறு தொடர்மாடிக்கு மாறவேண்டி வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, ஓரத்திலிருந்து மெல்ல உரித்தோம். ஈரத்துணியால் துடைத்ததும் சுவர் பழையபடி ஆயிற்று. மரத்தை அலசிக் காயவைத்து மடித்தோம். ஓரம் கொஞ்சம் பிசிறியது, கத்தரித்தால் போயிற்று.

புதுவீட்டில் மற்றச் சாமான்கள் பெட்டியில் இருக்க, மகள் முதலில் பனைமரத்தைத்தான் எடுத்தாள். அடிமரம் முன்போலவே நிலத்தைத் தொடவேண்டும், இல்லாவிட்டால் தன் உயரம் பிழைத்துவிடும் என்று நின்று சரிபார்த்து ஒட்டுவித்தாள். அன்று பின்னேரமே உடுப்புகளை அலுமாரியில் அடுக்கிவிட்டு, வெறும் பையைக் கொண்டுவந்து எங்களிடம் தந்தாள்.

உங்கள் வீட்டுச் சுவரில் பிள்ளைகள் என்ன ஒட்டினார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.